இரண்டு காவல் போட்ட கணினி

எங்கள் வீட்டுக் கணினி வேகம் குறைந்து இழுக்கத் தொடங்கியபோது நான் முதலில் திட்டியது கணினியை. பிறகு என் கணவரை. அதற்குப் பிறகு மாமியை. என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டிய முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்களுக்கு என்றால் சொற்கள் வரிசையில் நின்று வரும்.

வீடு மாங்குளத்தில், ரயில் பாதைக்குக் கிட்ட. நான் கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் சங்கத்தில், அதாவது விவசாயிகள் சங்கத்தில், எழுதுவினைஞர். காலபோக அறுவடை நெல் வரத் தொடங்கினால் வேலை அலுவலகத்தோடு முடியாது. பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, சனி ஞாயிறில் வீட்டிலிருந்து செய்வேன். அதற்கென்று இருந்தது அந்த மேசைக் கணினி. இங்கே இயங்கிய ஒரு தொண்டு நிறுவனம் கதவை மூடிப் போனபோது கதிரை, அலுமாரிகளோடு அதையும் விற்றார்கள். கணவர் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். பழசுதான், ஆனால் திரை பெரியது.

அந்தத் திரையில் என்னைவிட உரிமை உள்ளவர் ஒருவர் இருந்தார். என் கணவரின் தாய். நான் மாமி என்று கூப்பிடுகிறவர். அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும்.

மாமி கொக்கிளாய்ப் பக்கம். கடலும் களப்புமாகச் சீவித்த வேதக்கார, கத்தோலிக்கக் குடும்பம். நான் மலையகத்திலிருந்து இறங்கி வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேத்தி, சைவம். என் கணவர் என்னைக் கட்டப்போவதாகச் சொன்னபோது மாமி எங்கள் வீடு தேடி வந்து, என் முகத்துக்கு நேரே சொன்னார்: "பிள்ளை, உன்னில ஒரு குறையும் இல்லை. ஆனா எனக்கு இது வேண்டாம். வேண்டாம் எண்டதை ஒளிச்சு வைச்சுக்கொண்டு உன்னோட சிரிக்க எனக்குத் தெரியாது." அழுதேன், திட்டினேன், எல்லாம் செய்தேன். ஆனால் அந்த நேர்மையை உள்ளுக்குள் மதித்தேன். பிறகு தானாகவே மனம் மாறி, ஒரு பை கருவாட்டோடு வந்து, "இப்ப ஓம்" என்றார். அன்றிலிருந்து ஒரு நாளும் அதைத் திருப்பி எடுக்கவில்லை. மாமியின் வேண்டாமும் ஓமும் அப்படிப்பட்டவை.

மாமியின் இளைய மகன் பிரான்சில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமைக்கிறார். விசா சரிவரவில்லை, ஆதலால் வந்து போகமுடியாது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. எங்களுக்குப் பின்நேரம் ஆகும்போது அவர் கணினியில் வீடியோவில் வருவார். மாமி கதிரையை முழங்கால் மேசையில் முட்டும்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பார். மகனைப் பெரிதாகப் பார்க்கிற ஆசை என்றுதான் நினைத்தேன். கொக்கிளாயில் ஒரு பெண்ணை அவருக்கென்று மாமி பார்த்து வைத்திருந்தார். ஒன்றுவிட்ட தம்பியின் மகள். "அவளின்ர தாய்க்கு நான் சொல்லு குடுத்திட்டன்" என்பார். மகனும் அதற்கு மாறாக எதுவும் சொன்னதில்லை.

இனிக் கணினிக்கு வருகிறேன். ஒருநாள் அலுவலகத்துப் பென் ட்ரைவில் இருந்து வைரஸ் ஏறிவிட்டது. ஒரு கிழமை வேலை திறக்க முடியாமல் போய்விட்டது. அதிகாரி எல்லாருக்கும் முன்னால் ஏசினார். கூட வேலை செய்கிற ஒருவர் வைரஸைத் தடுக்க ஒரு அன்ரி வைரஸ் போட்டுத் தந்தார். எனக்கு அது போதவில்லை. ஒரு காவலை நம்பி இருக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கணவர் புது வேலைக்குப் போனபோது முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தேன், மடு மாதாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்தினேன். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கோபிக்கவில்லை, வேலையும் நிலைத்தது. அதே புத்தியில் இன்ரநெட்டில் தேடி, இலவசமாகக் கிடைத்த இன்னொரு அன்ரி வைரஸையும் நானே இறக்கிப் போட்டேன். போட்டுவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்ததும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இழுக்கத் தொடங்கியது. ஒரு கோப்பைத் திறக்க இரண்டு தரம் அழுத்திவிட்டு, குசினிக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம். தட்டச்சு செய்கிற எழுத்து நான் கையை எடுத்த பிறகு ஒவ்வொன்றாக வந்து விழும். பெட்டிக்குள் விசிறி இரைந்துகொண்டே கிடக்கும். மாமியின் வீடியோவும் கெட்டது. மகன் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார், குரல் மட்டும் எங்கோ ஓடும், பிறகு முகம் துள்ளி வேறு இடத்துக்கு வரும். மாமி திரையை இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு. திங்கள் காலையில் அறிக்கை கொடுக்கவேண்டும். நான் கோப்பை மூடாமல் வைத்திருக்க, மாமி கதைத்துக்கொண்டிருந்தார். கதைத்து முடித்து எழும்ப, கணினி அப்படியே உறைந்துபோனது. செய்த வேலை போய்விட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்லுவார்; அன்றைக்கு அது மூக்கைத் தாண்டிவிட்டது.

"மாமி, உங்கட கதைதான் இதுக்குப் பாரம். நீங்கள் வீடியோவில கதைக்கக் கதைக்க இது செத்துக்கொண்டு வருது. என்ர வேலை போனா ஆர் பதில் சொல்லுறது?"

"என்னாலயோ பிள்ளை?"

"பின்ன ஆரால? இஞ்ச வந்து பாருங்கோ." திரும்ப இயக்கி, வீடியோவையும் திறந்து வைத்து, எந்த வேலை எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். ப்ரொசெசர் நூறு வீதத்தில் நின்றது. வீடியோ மேலே நின்றது. "இதுதான் உங்கட கதை. பாத்தீங்களோ? தம்பியோட போனில கதையுங்கோவன். உலகம் முழுக்க போனிலதானே கதைக்குது."

மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் திரையை மரியாதையாகப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அப்ப வேண்டாம் பிள்ளை. உன்ர வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம்" என்றார். கதிரையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வீடியோவை மூடினேன். கணினி இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அன்று மாலையே எனக்குத் தெரியும், பிழை மாமியில் இல்லை என்று. வீடியோ இல்லாமலும் நூறு வீதம் என்றால் அதற்கு என்ன கருத்து என்று விளங்காத அளவுக்கு நான் மடைச்சி இல்லை. ஆனால் சொன்ன வாயை மூடுவது எப்படி? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை இடித்தே பார்ப்பது என்று இறங்கினேன்.

பெட்டியைக் கழற்றினேன். உள்ளே எங்கள் கிறவல் றோட்டுச் செம்மண் பஞ்சு போலப் படிந்திருந்தது. பெயின்ற் பிரஷால் தட்டினேன். விசிறியின் இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, இழுவை குறையவில்லை. பழைய படங்களை அழித்தேன். தேவையில்லாமல் தானாகத் திறக்கிறவற்றை நிறுத்தினேன். கிளிநொச்சியில் ஒரு கடையில் கேட்டேன், புதுசு வாங்கச் சொன்னார்கள். கணவர் சிரித்துக்கொண்டு, "நீ ஏசுற ஏச்சைக் கேட்டு அதுக்கு மனம் விட்டுப்போச்சு. மனுசன் நான் எண்டபடியால் தாங்குறன்" என்றார். அவருக்கு யாழ்ப்பாணத்தில் படித்த நாளிலிருந்து இந்த நக்கல்.

அந்தக் கிழமைகளில் மாமி கணவரின் கைத்தொலைபேசியில் கதைத்தார். கண்ணில் வெள்ளை படர்வதால் அந்தச் சின்னத் திரை அவருக்குத் தெரியாது. காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், கொய்யா மரத்தடியில் நின்று கதைப்பார். "ஓம் தம்பி. ஓம். சரி தம்பி. ஓம் ஓம்." பிறகு போனைக் கொண்டுவந்து தருவார். முகத்தில் ஒன்றும் இராது. பார், எந்தக் குறையும் இல்லாமல் கதைக்கிறா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் கணினிக்கு முன்னால் இருந்தேன். எதையும் திறக்கவில்லை. சக்தியைத் தின்கிற பட்டியலை மட்டும் திறந்து, அதிகம் தின்பது மேலே வரும்படி வரிசைப்படுத்திவிட்டுச் சும்மா பார்த்தேன். மேலே ஒரு பெயர். கொஞ்ச நேரத்தில் அது இறங்க, இன்னொரு பெயர் ஏறியது. திரும்ப முதலாவது. இரண்டும் என் காவல்கள். ஒன்று ஒரு கோப்பைத் தொட்டுப் பார்க்கிறது. யாரோ கோப்பைத் தொடுகிறான் என்று மற்றது ஓடிவந்து பார்க்கிறது. அது ஏன் பார்க்கிறது என்று முதலாவது திரும்ப வருகிறது. ஒரே வளவில் கட்டிய இரண்டு நாய் ஒன்றைப் பார்த்து ஒன்று குரைக்கிற மாதிரி, கள்ளன் இல்லாமலே இரவு பகலாக நடந்திருக்கிறது. இந்தப் பெயர்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். காவல்காரர் கடமை செய்கிறார்கள் என்று தாண்டிப் போய், கள்ளனைத் தேடி மாமியின் பெயரில் நின்றிருக்கிறேன்.

நான் போட்டதை அழித்தேன். நிறுத்தி, திரும்ப இயக்கினேன். நூறில் நின்றது சும்மா நாலு ஐந்துக்கு இறங்கி அங்கேயே கிடந்தது. விசிறி அடங்கியது. கோப்பு அழுத்தின கையோடு திறந்தது. ஒரு நிமிடம் சந்தோசமாக இருந்தது. அதற்குப் பிறகு மாமியின் கதிரை கண்ணில் பட்டது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்ததும் நான், பழி போட்டதும் நான்.

மாமியிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கணவரிடம், "சரிப்பண்ணிட்டன்" என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. மாமி தானாகக் கண்டுகொண்டு கதிரையை இழுக்கட்டும், அப்போது பேசாமல் விடுவோம், விசயம் அதோடு போய்விடும் என்று இருந்தேன். மாமி மேசைத் தூசைத் துடைப்பார். கதிரையைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு நான் உடுப்புக் காயப்போட முற்றத்துக்குப் போனேன். கொய்யா மரத்தடியில் மாமி எனக்கு முதுகு காட்டி நின்று கதைத்துக்கொண்டிருந்தார். "ஓம் தம்பி. சரி தம்பி." கணவர் வாசலில் வந்து, "அந்தப் போனில சார்ஜ் இல்லை, அது அப்பவே நிண்டிருக்கும்" என்றார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். போனின் திரை கறுப்பு. செத்துப்போன போனுக்கு மாமி ஓம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமி, தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று பின்னால் நின்று கேட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரத்துக் கேட்டேன். பக்கத்து வளவில் கோழிகள் கலைந்து ஓடின. மாமி, "ஓம் தம்பி, கவனமாய் இரு" என்றார்.

மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று எல்லாருக்கும் தெரியும். சண்டை நேரம் ஷெல் விழுந்த சத்தத்தில் வந்தது, அதை யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. நாங்கள் கதைக்கும்போது மாமி எப்போதும் முன்னால் வந்து நிற்பார். குசினியில் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஏதும் சொன்னால் தோளைப் பிடித்துத் திருப்புவார். ஊர்வம்பு விடுப்புக் கேட்கிற குணம் என்று நினைத்து எரிந்து விழுந்திருக்கிறேன்.

முன்னால் போய் நின்றேன். "மாமி, உங்களுக்குக் காது எவ்வளவு கேக்கும்?"

போனை இறக்கினார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "இரைச்சல் மாதிரிக் கேக்கும். இப்ப இப்பக் குறைஞ்சிட்டுது. முகத்தைப் பாத்தா விளங்கும்."

"போனில?"

"போனில ஒண்டும் இல்லை. நான் பேசாம நிண்டா அவன் பயப்பிடுவான். அதுதான் ஓம் எண்டுறனான்."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீ கொம்பியூட்டர் என்னால பழுதாகுது எண்டனியெல்லோ."

பழி சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப நான் திருத்திப்போட்டன் மாமி. வாற ஞாயிறு அதில கதையுங்கோ" என்றேன். தானம் கொடுக்கிறவளைப் போல.

"திரும்பப் பழுதாகாதோ?"

"ஆகாது."

மாமியின் முகம் மலர்ந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஞாயிறு மாமி தலை இழுத்து, கோயிலுக்குப் போகிற சேலை உடுத்துக்கொண்டு வந்து இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அழைப்பு வந்தது. படம் துள்ளவில்லை. மகனின் முகம் தெளிவாக நிறைந்து நின்றது. உதடு அசைவதும் குரலும் ஒன்றாக வந்தன. மாமி ஒரு சின்னப் பெருமூச்சு விட்டார்.

அவர் தனியாக இல்லை. பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஒரு சின்னப் பெண்பிள்ளை.

"அம்மா, இதுதான் நான் சொன்ன ஆள். இது அவவின்ர மகள். உங்களைப் பாக்கவேணும் எண்டு நிண்டவ." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணி, உங்களுக்கும் அண்ணாவுக்கும் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். அவ முதல் கட்டினவன் விட்டிட்டுப் போயிட்டான். அம்மா வேண்டாம் எண்டுதான் சொல்லுவா எண்டு நினைச்சு எத்தினை நாள் நித்திரை இல்லை. கடைசியாப் போனில கேட்டன். கொக்கிளாய்ப் பேச்சை விடட்டோ, இவவைக் கட்டட்டோ எண்டு. அம்மா உடன ஓம் எண்டிட்டா. எனக்கு அழுகை வந்திட்டுது அண்ணி."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்தார். பிள்ளை கையை ஆட்டியது.

நான் மாமியைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய கையைத்தான் பார்த்தேன். விரல் நுனிகள் வெளிறிப் போயிருந்தன. என்னை வேண்டாம் என்று நேரே வந்து சொன்ன மனுசி. இந்தப் பெண்ணை அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளை பள்ளிக்கூடம் போறவவோ?" என்று மாமி கேட்டார்.

"ஓம் அம்மா, இந்த வருசம்தான் சேத்தது" என்றார் அந்தப் பெண்.

"நல்லாப் படிக்கச் சொல்லுங்கோ. சுகமாய் இருங்கோ எல்லாரும்." கடைசிவரை சிரித்தபடி இருந்தார். அழைப்பு முடிந்து திரை நீலமாகும்வரை சிரித்தார்.

பிறகு என் பக்கம் கதிரையைத் திருப்பினார். "பிள்ளை, அண்டைக்கு அவன் போனில இதையோ கேட்டவன்?"

தலையாட்டினேன்.

"நான் ஓம் எண்டனானோ?"

"ஓம் மாமி."

மாமி மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். "தாலி கட்டினவன் உயிரோட இருக்கிறான். மாதா கோயில்ல வைச்சு எப்பிடிக் கட்டுறது? எனக்கு விளங்கியிருந்தா வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். அவன் கேட்டிருப்பானோ, விட்டிருப்பானோ, அது வேற. ஆனா சொல்லியிருப்பன்." நீலத் திரையைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப அந்தக் குஞ்சின்ர முகத்தைப் பாத்தாப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? கொக்கிளாயில அந்தத் தாய் என்ர சொல்லை நம்பி வேற இடம் பாக்காமல் இருக்கிறாள். அவளுக்கு முன்னால நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

மாமியிடம் சொந்தமாக இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான். அதைப் பிடுங்கியது நான். குனிந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கணினி உங்களால் இழுக்கவில்லை மாமி, நான் போட்ட இரண்டாவது காவலால்தான், அது எனக்கு எப்பவோ தெரியும், தெரிந்துகொண்டும் சொல்லாமல் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க நெஞ்சு கொஞ்சம் இலேசானது போல இருந்தது.

மாமி என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். "என்ன பிள்ளை சொன்னனி? குனிஞ்சுகொண்டு சொன்னா எனக்கு விளங்காது. முகத்தைத் தூக்கிச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். அவருடைய கண்ணைப் பார்த்து, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக. நான்தான். உங்களால இல்லை. எனக்குத் தெரியும். சொல்லேல்லை. மாமி என் உதட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. என்னால் ஒரு சொல்லையும் விழுங்க முடியவில்லை. குரல் எவ்வளவு உயர்ந்ததோ, கணவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

மாமி நாடியை விட்டார். ஏசுவார் என்று இருந்தேன். ஏசவில்லை.

"நாளைக்கு லீவு போடு" என்றார். "கொக்கிளாய்க்கு நீயும் வா. நடந்ததை அந்தத் தாய்க்கு நீ சொல்லு. அவள் என்ன கேக்கிறாள் எண்டு எனக்கு நீதான் முகத்தைப் பாத்துச் சொல்லவேணும்."